மண்சுவருக்கு மாட்டிய பூட்டு

ஒரு காலத்துல தும்பைக்கோட்டைச் சீமையை வீரதுங்கராயன்னு ஒரு ராசா ஆண்டு வந்தான். ஆண்டான்னா என்ன ஆண்டான்? காலையில ஒரு சட்டம் போடுவான், மத்தியானம் அதை மறந்துட்டு இன்னொண்ணு போடுவான். அவன் காதுக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு வாய் இருக்கும். அந்த வாய்க்குச் சொந்தக்காரர் படைக்குத் தலைவரான தண்டநாயகர் அகோரப்பர். தலையில முடி இல்லாட்டியும் தலைக்கனத்துக்குக் குறைச்சல் இல்லாத மனுசர்.

குறுணிப்பட்டிங்கிற ஊர்ல திருட்டு நடக்குதுன்னு ஒருநாள் சேதி வந்துச்சு. மத்தவங்க வாயைத் திறக்குறதுக்குள்ள அகோரப்பர் முந்திக்கிட்டார்.

“மன்னா! அந்தப் பட்டிக்காட்டு மூடங்க கதவை வெறுமனே சாத்திட்டு வயலுக்குப் போறாங்க. வீட்டுக்கு வீடு இரும்புப் பூட்டு மாட்டச் சொல்லுங்க. என் மச்சினன் வல்லப்பன் பகல் பூரா ஊரைச் சுத்திப் பூட்டுகளைப் பார்த்துக்குவான்.”

ராசாவுக்கு யோசனை பிடிச்சுப் போச்சு. “பூட்டாம வயலுக்குப் போறவனுக்குப் பத்துக் கசையடி!”ன்னுட்டான்.

பூட்டு வந்துச்சு. திருட்டு குறைஞ்சுதா? நல்லாக் குறைஞ்சுது போங்க! ஊரே உழவுக்குப் போயிருந்த பகல்ல, ஒரே மாசத்துல ஏழு வீட்டுப் பின்சுவர்ல ஓட்டை போட்டு, விதைநெல்லு அத்தனையும் அள்ளிட்டான் கள்ளன். மிஞ்சினது மூக்காயி வீட்டுக் குதிர்ல இருந்தது மட்டும்தான். அதுவும் போச்சுன்னா அந்த ஊர்ல விதைப்பே கிடையாது.

மூக்காயி புருசனை இழந்து தனியா ஏர் ஓட்டிப் பிழைக்கிறவ. அவளுக்குச் சங்கதி உடனே பிடிபட்டுருச்சு. முன்னெல்லாம் கதவு சாத்தியிருந்தா உள்ளே ஆள் இருக்கா இல்லையான்னு கள்ளனுக்குத் தெரியாது. காய்ச்சல்காரன் படுத்திருக்கலாம், பிள்ளைத்தாச்சி இருக்கலாம். எட்டிப் பார்த்தா “எவன்டா அவன்?”னு குரல் வரும். இப்போ பூட்டு தொங்கினாலே வீட்டுல ஆள் இல்லைன்னு தமுக்கு அடிச்ச மாதிரி ஆயிப்போச்சு. கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு அவளுக்கு. நேரா அரண்மனைக்கு நடந்தா.

“எருமை பத்துறவ இரும்புக்குக் குத்தம் சொல்ல வந்துட்டா பாருங்க மன்னா!”ன்னு இளிச்சார் அகோரப்பர்.

“இரும்பை நான் குத்தம் சொல்லலே சாமி. கதவுல இரும்பை மாட்டிட்டு, பின்னாடி இருக்கிற மண்சுவரை மறந்த மூளையைத்தான் சொல்றேன்.”

சபையே சிரிச்சுது. ராசாவும் சிரிச்சான். அப்புறம்தான் அந்தச் சட்டம் தன்னோட சட்டம்னு நினைப்பு வந்துச்சு, மூஞ்சி கடுத்துருச்சு.

“ஏ பொம்பளே! எட்டு நாள் தவணை. காவலாள் தரமாட்டேன், பூட்டையும் கழட்டக் கூடாது. கள்ளனைப் பிடிச்சுக் காட்டு. இல்லேன்னா உன் விதைநெல்லு அரண்மனைக்கு. நீ ஊரை விட்டே போகணும்.”

வாய் வீராப்பாப் பேசிட்டு வந்துருச்சே ஒழிய, கள்ளனை எப்படிப் பிடிக்கிறதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே நடந்தா மூக்காயி.

ஊருக்கு வந்ததும் கிணத்தடியில நின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொன்னா: “நாளைக்கு எனக்குக் கோடிக்காட்டுல உழவு. பொழுது சாயாம வரமாட்டேன்.”

விடிஞ்சதும் பக்கத்து வீட்டுக் குருவம்மா வந்து வெளிப்பக்கம் பூட்டிட்டு, சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. உள்ளே யாரு? மூக்காயியும் இன்னும் நாலு பொம்பளைங்களும், ஆளுக்கொரு உலக்கையோட! பூட்டு தன் வேலையைப் பார்த்துச்சு, வீட்டுல ஆள் இல்லைன்னு ஊருக்குப் பொய் சொல்லிச்சு.

உச்சி வெயில்ல பின்சுவர் சுரண்டுற சத்தம். மண்ணு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. தலையை நீட்டினா உலக்கை விழும்னு கள்ளனுக்குத் தெரியும். அதனால முதல்ல காலை விட்டுப் பார்க்குறது அந்தத் தொழில்ல வழக்கம். ரெண்டு காலு நுழைஞ்சுது, தொடை நுழைஞ்சுது. அஞ்சு பேரும் பாஞ்சு பிடிச்சு, மாட்டுக் கயித்தால உரலோட சேர்த்துக் கட்டிட்டாங்க. இடுப்புக்கு மேல வெளியே, கீழே உள்ளே. வெளியே கிடந்தவன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கிட்டான்.

சேதி கேட்டு ராசா வந்தான், கூடவே அகோரப்பரும். குருவம்மா கதவைத் திறந்துவிட்டா. உள்ளே சுவர்ல ரெண்டு காலு துடிச்சுக்கிட்டு இருக்கு.

அகோரப்பர் சட்டுனு நெஞ்சை நிமிர்த்தினார். “பார்த்தீங்களா மன்னா, என் பூட்டுக்குப் பயந்துதான் பய சுவரை இடிச்சிருக்கான்! இந்தக் காலு ரெண்டையும் இங்கேயே வெட்டணும். எவன் காலா இருந்தாலும் சரி, தயவு தாட்சணியமே கூடாது!”

“சபாஷ்! கொண்டா அரிவாளை!”ன்னான் ராசா.

சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு அலறல்: “ஐயோ அத்தான்! வெட்டச் சொல்லாதீங்க அத்தான்! நான்தான் வல்லப்பன்!”

அகோரப்பர் நிமிர்த்தின நெஞ்சை உள்ளே இழுத்துக்கிட்டார்.

“எவன் காலா இருந்தாலும்னு சொன்னீரே?”ன்னான் ராசா.

“அது... பொதுவாச் சொன்னேன் மன்னா...”

“பொதுவாவே வெட்டிடுவோம்!”னு ராசா அரிவாளை வாங்கினான்.

“வேண்டாம் மகராசா!” மூக்காயி குறுக்கே வந்தா. “ஏழு வீட்டு விதைநெல்லும் இவன் வீட்டுலதான் இருக்கும், அதை முதல்ல வாங்கிக் குடுங்க. பூட்டுச் சட்டத்தை எடுத்துருங்க. இந்தக் காலை மட்டும் வெட்டாதீங்க. எட்டுச் சுவர் அடைக்கணும், மண்ணு மிதிக்க எங்களுக்குக் காலு வேணும்.”

ராசா விழுந்து விழுந்து சிரிச்சான். அகோரப்பர் தோள்ல கிடந்த பட்டுச் சால்வையை உருவி மூக்காயிக்குப் போர்த்தினான். “மிதிக்க மச்சினன், தண்ணி சுமக்க அத்தான்!”னு அங்கேயே தீர்ப்பு சொன்னான்.

மறுநாள் தண்டநாயகர் வேட்டியை வரிஞ்சு கட்டி, குடத்தோட கிணத்துக்கும் சுவருக்கும் நடையா நடந்தார். வல்லப்பன் மிதிக்கிற மண்ணை மூக்காயி ஒரு கை எடுத்துப் பிசைஞ்சு பார்த்தா.

“இன்னும் கட்டி நிக்குது. இன்னொரு குடம் ஊத்துங்க சாமி.”