நாச்சியின் கையில் ஒட்டிய காசு

முன்னொரு காலத்திலே, கடலோரத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே நாச்சி என்று ஒருத்தி உப்பளத்தில் உப்புச் சுமந்து பிழைத்தாள். ஒருநாள் உப்பை வாரும்போது வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கொடி கொடியாக என்னவோ எழுத்து. கையை மூடினாள், காசு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

அன்றோடு அவள் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் போதும், காசு பெருமூச்சு விடும்.

“நான் எந்த ஊர்? சொல்லேன், நான் எந்த ஊர்?”

கண் சிவந்து, கால் தள்ளாடி, தட்டானிடம் போனாள். அவர் உரசிப் பார்த்தார்.

“நல்ல வெள்ளிதான். நம்ம நாட்டுக் காசு இல்லை.”

இடுக்கியால் இழுத்தார். தோல்தான் கிழிந்தது. காசு அழுதது: “நான் எந்த ஊர்?”

அரண்மனை மந்திரவாதியிடம் போனாள். “இது எழுத்தே இல்லை, சாபம்! கையை வெட்டு!” என்றான் அவன். ஓடி வந்துவிட்டாள்.

கடைசியில், துறைமுகத் தெருவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஹமீதா பீவியின் வீட்டு வாசலில் போய் விழுந்தாள்.

“அக்கா, இது என்னன்னு பாருங்க. எந்த ஊர், எந்த ஊர்னு ராத்திரியெல்லாம் கேட்குது. என்னால முடியலை.”

ஹமீதா அவள் கையை மடியில் வைத்துப் பார்த்தாள். “அரபு எழுத்தும்மா. இந்தப் பக்கம் இறைவன் பேர் இருக்கு. ஊர்ப் பேர் அடிப்பக்கம் இருக்கும்.”

நாச்சிக்கு அழக்கூடத் தெம்பில்லை. காசைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: “உனக்கும் அசதிதானே? எத்தனை காலம் உப்புக்குள்ளே கிடந்தியோ. உன்னைப் பிடுங்க மாட்டேன். கொஞ்சம் புரண்டு படு, ராசா.”

காசு புரண்டு படுத்தது. ஹமீதா விளிம்பைச் சுற்றி வாசித்தாள்.

“இந்தத் திர்ஹம் பஸ்ராவில் அடிக்கப்பட்டது.”

“பஸ்ரா!” என்று கதறியது காசு. கையை விட்டு உருண்டது. உருண்ட இடத்தில் மெலிந்த மாலுமி ஒருவன் எழுந்து நின்றான்.

“ஊரை மறந்து காசாய்க் கிடன்னு ஒரு சூனியக்காரன் சபிச்சான். இப்போ எங்க வீட்டு வாசல்கூட ஞாபகம் வந்திருச்சு, தாயே!”

நாச்சி பாதிதான் கேட்டாள். ஹமீதாவின் பாயிலேயே தூங்கிப்போனாள். அவள் எழும்வரை அவளுடைய உப்புக்கூடையை மாலுமி சுமந்தான். காற்று திரும்பியதும் கப்பலேறிப் போனான்.

மறுவருஷம் பஸ்ராவிலிருந்து ஒரு கழுதையும் பேரீச்சம்பழக் கூடைகளும் வந்து இறங்கின. கழுதை உப்பைச் சுமந்தது. நாச்சியும் ஹமீதாவும் பழம் தின்று கொட்டையை மணலில் ஊன்றினார்கள். முளைத்ததா இல்லையா என்று அந்தப் பக்கம் போனவர்கள் வந்து சொல்லட்டும்.