ஃப்ரூமாவின் இரண்டாவது கச்சேரி

"நேத்து ஒரு ஆள்கூடக் கைதட்டலை, ரப்பி. நான் ஊருக்குக் கிளம்பறேன்."

சொன்னவள் ஃப்ரூமா. பெரிய பெரிய அரங்குகளில் பாடிப் பேர் வாங்கியவள். யுத்தம் முடிந்து, குடும்பங்களைக் கொலைமுகாம்களில் பறிகொடுத்துத் தப்பிப் பிழைத்த தன் யூத ஜனங்கள் ஜெர்மனியில் அகதி முகாம்களில் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்களுக்காகப் பாட அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்திருந்தாள்.

ரப்பி செலிக் அந்த முகாமின் குரு. அவளைவிட வயதில் சின்னவர். சமையல் கொட்டகையில் சூப் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாடினீங்க?"

"சோகமாவும் பாடினேன், குதூகலமாவும் பாடினேன். எல்லாரும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. இன்னிக்குச் சாயங்காலம் இன்னொரு கச்சேரியாம். என்னால முடியாது."

"துக்கம் கேட்கப் போனா என்ன செய்வீங்க?"

நம்மூரில் துக்கம் கேட்கப் போகிறவர்கள் தெருமுனையிலேயே குரலெடுத்து அழத் தொடங்கிவிடுவார்கள். யூதர் வழக்கம் நேரெதிர்.

"இதுகூடத் தெரியாதா எனக்கு? பக்கத்துல போய் உட்காரணும். துக்கக்காரங்க வாய் திறக்கிற வரைக்கும் நாம பேசக் கூடாது."

"நேத்து முதல்ல வாய் திறந்தது யாரு?"

ஃப்ரூமாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"நான் பாட வந்தவ. வாயை மூடிக்கிட்டு உட்காரவா கடல் தாண்டி வந்தேன்?"

ரப்பி அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கச்சேரிக் கொட்டகை நிறைந்துவிட்டது. ஃப்ரூமா மேடையேறவில்லை. முன்வரிசைக்கு எதிரே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்தாள்.

யாரோ இருமினார்கள்.

"அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு போல" என்றது ஒரு குரல்.

அவளுக்கு அவமானமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் பிடிவாதக்காரி. அசையாமல் இருந்தாள்.

வெகுநேரம் கழித்துப் பின்வரிசையில் ஒரு பெண் கரகரத்த குரலில் பாடத் தொடங்கினாள். அது ஒரு தாலாட்டு. இரண்டு அடி பாடியவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

ஃப்ரூமாவுக்கு அந்தப் பாட்டு தெரியும். அடுத்த அடியில் குழந்தையின் பெயரைச் சேர்த்துப் பாட வேண்டும்.

"பிள்ளை பேர் என்னம்மா?"

அந்தப் பெண் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"ஹென்யா."

அரங்குகளை அதிரவைத்த குரலை ஃப்ரூமா அடக்கிக்கொண்டாள். பக்கத்துத் தொட்டிலில் பிள்ளை கிடப்பதுபோல் மெல்லப் பாடினாள்.

"கண்ணுறங்கு, ஹென்யா..."

அவள் முடிப்பதற்குள் முன்வரிசையில் ஒரு மனிதர் எழுந்து நின்றார்.

"அடுத்தது எங்க பையன் மோட்டெலைத் தூங்க வைங்கம்மா" என்றார்.