கழுத்தை நீட்டிய மான்

கருவேலங்காட்டில் தாவன் என்றொரு மான் இருந்தது. ஓட்டப் பந்தயத்தில் அதை வெல்ல ஆளே இல்லை. ஏழு வருஷமாக மாலை அதன் கழுத்துக்குத்தான்.

அந்தக் கோடையில் குளம் பாதி வற்றிவிட்டது. காட்டு மிருகங்களும் மலைக்குரங்குகளும் கபடி ஆடுவது, வென்றவர்கள் முதலில் தண்ணீர் குடிப்பது என்று முடிவாயிற்று. தோற்றவர்களுக்குக் கலங்கல்தான்!

"நானும் ஆடுறேன்!" என்றது தாவன்.

"அண்ணே, ஓட்டம் வேற, கபடி வேற!" என்றது கீரி சடையன். காட்டு அணிக்காக எப்போதும் பாடிப் போவது அதுதான்.

"தொட்டுட்டு ஓடணும், அவ்வளவுதானே? ஓட்டத்தை எனக்கா சொல்லித் தர்றே?"

பேர் வாங்கியவனை வேண்டாம் என்று சொல்ல அணித் தலைவர் கரடிக்கு வாய் வரவில்லை. சடையனை உட்காரவைத்துவிட்டது. பயிற்சிக்குத் தாவன் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடியும் நேரம். இரண்டு பக்கமும் சமம். கடைசியாகப் பாடிப் போனது தாவன்.

"கபடி! கபடி!" கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு குரங்குகளைத் தொட்டுவிட்டது! இனி நடுக்கோட்டுக்குத் திரும்பினால் போதும்.

"தாவா! தாவா!" என்று கூட்டம் கத்தியது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அதற்குப் பந்தய ஞாபகம் வந்துவிட்டது. எதிரே, குரங்குகளுக்குப் பின்னால், ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தது. நெஞ்சைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, கோட்டைத் தாண்டி, மாலைக்குக் கழுத்தையும் நீட்டியது!

"எல்லை தாண்டிட்டே! அவுட்!" என்றது நடுவர் நாரை. "தொட்டதும் செல்லாது. புள்ளி குரங்குகளுக்கு!"

மறுநாள் குரங்குகள் குடித்துக் குளித்துக் கும்மாளம் போட்டுப் போயின. பிறகு காட்டு மிருகங்கள் வரிசையில் நின்றன. சடையனின் குட்டி சேற்றுத் தண்ணீரை நக்கிவிட்டு இருமியது.

"பேரு பெத்த பேரு, தாகத்துக்கு நீரு இல்லை!" என்று முணுமுணுத்தது ஆமை.

புதருக்குப் பின்னால் நின்ற தாவனுக்கு உடம்பு கூசியது. மெல்ல வந்து, "சடையா, நீ ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போம். உன் இடத்தைப் பிடுங்கிட்டேன்" என்றது.

சடையன் கோபப்படவில்லை. "நகருங்கண்ணே, பிள்ளை குடிக்கட்டும்" என்றது. அவ்வளவுதான். தாவனுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதம் ஓட்டப் பந்தயத்தில் தாவன்தான் முதல். மாலையோடு வந்தார்கள். தாவனின் குனிந்த தலை நிமிரவே இல்லை.

ஒரு வித்தையில் வாங்கிய பேரை நம்பிக் கற்காத வித்தையில் இறங்குகிறவன், தன்னை நம்பியவர்களையும் தவிக்க விடுவான்.