கம்பங்களுக்கு வாய்த்த வக்கீல்கள்

ஒரு காட்டில் டெலிபோன் வைக்க வேண்டும் என்று எல்லா விலங்குகளும் ஒருமனதாக முடிவு செய்தன. ஒருமனதாக நடந்த காரியம் அது ஒன்றுதான். கம்பியைத் தாங்க எந்தக் கம்பத்தை நடுவது என்ற பேச்சு வந்ததும் சண்டை ஆரம்பித்துவிட்டது.

காட்டுக்கு எதற்கு டெலிபோன் என்று கேட்கிறீர்களா, குழந்தைகளே? நியாயமான கேள்விதான். அந்தக் காட்டின் ஒரு பக்கம் மலை. மறுபக்கம் ஆற்றோரப் பள்ளம். பள்ளத்தில் ஒரு முயல் குழி தோண்டிக் குட்டிகளோடு குடியிருந்தது. மலை உச்சியில் ஒரு குரங்கு இருந்தது. ஆற்றில் வெள்ளம் வந்தால் முதலில் பார்ப்பது குரங்கு. முதலில் நனைவது முயல்.

போன மழைக்காலத்தில் வெள்ளத்தைக் கண்ட குரங்கு, "ஓடு! ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தியது. மழைச் சத்தத்தில் முயலுக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்தக் குரங்கு கத்தாத நாள் எது?" என்று சொல்லிக்கொண்டு அது பாட்டுக்குக் குட்டிகளைத் தூங்கவைத்தது.

தண்ணீர் குழிக்குள் புகுந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கரையேறுவதற்குள் முயலுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசிக் குட்டி நிறையத் தண்ணீரைக் குடித்துவிட்டது. அது பிழைத்ததே பெரும்பாடு. அன்றிலிருந்து வானத்தில் ஒரு மேகம் கறுத்தால் போதும், முயலுக்குத் தொண்டையில் புல் இறங்காது.

காட்டை ஒட்டிய சாலையில் ஊர்க்காரர்கள் தங்கள் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்துவிட்டு, பழைய கம்பங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு குவியல் மரக் கம்பம். ஒரு குவியல் சிமென்ட் கம்பம். பக்கத்திலேயே கம்பிச் சுருளும், இரண்டு டெலிபோன்களும், பாதி தீர்ந்த தார்ப் பீப்பாய் ஒன்றும் கிடந்தன. எந்தக் குவியலை எடுத்தாலும் பள்ளத்திலிருந்து மலை உச்சிவரை நடுவதற்குப் போதும். மழைக்கு முன்னால் நட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

விலங்குகள் பாறையடியில் கூடின. யானை எழுந்தது. தன்னைவிடப் பலசாலி யாரும் இல்லை என்ற பெருமை அதற்கு எப்போதும் உண்டு.

"சிமென்ட் கம்பம்தான் வேண்டும்!" என்று அது பிளிறியது. "மரக் கம்பத்தை ஈரத்தில் நட்டால் அடி உளுத்துப்போகும். மிச்சத்தைப் பூச்சி தின்றுவிடும். நாளைக்கு அது முறிந்து விழுந்தால் நம் முயலின் கதி என்ன?"

"ஆகா, எவ்வளவு அக்கறை!" என்று முயல் தலையாட்டியது.

உடனே பாறை இடுக்கிலிருந்து கறையான் தலையை நீட்டியது. வயிறு கடுகளவு, ஆசை மலையளவு. பேச்சு மட்டும் தேன்.

"யானையாரே, நீங்கள் பெரியவர், கோபித்துக்கொள்ளக் கூடாது. சிமென்ட் கம்பம் என்ன கனம் கனக்கும்! அந்தச் செங்குத்துச் சரிவில் அதை யார் ஏற்றுவது? நழுவிப் பாறையில் மோதினால் விரிசல் விடுமே. மரக் கம்பமோ லேசு. காற்று அடித்தால் வளைந்துகொடுக்கும். அதோடு, மரம் நம் காட்டுப் பிள்ளை. சிமென்ட் யார் வீட்டுப் பிள்ளை?"

கூட்டம் கைதட்டியது. முயல் அதற்கும் தலையாட்டியது. பாவம், பயந்த சுபாவம். யார் எதைச் சொன்னாலும் அதற்குச் சரியென்றுதான் படும்.

மறுநாளும் கூடினார்கள். யானை பிளிறியது, கறையான் குழைந்தது, கூட்டம் கலைந்தது. அதற்கடுத்த நாளும் அதே கதை. கம்பம் ஒன்றும் நகரவில்லை. மேற்கே மேகம் மட்டும் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

முயல் அழுதுகொண்டே நரியிடம் போனது. "நரியண்ணா, மழை வந்துவிடும் போலிருக்கிறதே! என் குட்டிகளை இன்னொரு தரம் தண்ணீரில் தேட எனக்குத் தெம்பு இல்லை. இரண்டு பேரும் எனக்காகத்தான் பேசுகிறார்கள். ஆனால் பேச்சு முடிகிற வழியைக் காணோம்."

நரி தாடையைச் சொரிந்துகொண்டது. "முயலம்மா, பள்ளத்தில் குடியிருப்பது நீ. யானையும் கறையானும் மேட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதில் ஏன் இத்தனை வேகம்?"

"நல்ல மனசுதான், வேறென்ன?"

"அப்படியா? பார்த்துவிடலாம்" என்றது நரி.

அடுத்த கூட்டத்தில் நரி முதலில் எழுந்தது. "நண்பர்களே, நான் நன்றாக யோசித்துவிட்டேன். கறையானார் சொன்னதுதான் சரி. மரக் கம்பமே நடுவோம்."

கறையானுக்கு வாயெல்லாம் பல்.

"ஒரே ஒரு சின்ன வேலை" என்றது நரி. "சாலையோரம் தார் கிடக்கிறதல்லவா? அதை அடிமுதல் நுனிவரை பூசிவிடுவோம். பூச்சி பொட்டு ஒன்றும் வாய் வைக்காது."

கறையானின் சிரிப்பு அப்படியே நின்றது. "தாரா? ஐயையோ, அந்த நாற்றம்! மரத்தின் அழகே போய்விடுமே!"

"கம்பிக்கு அழகு எதற்கு? தாங்கினால் போதாதா?"

கறையான் கொஞ்ச நேரம் மீசையைத் தடவியது. பிறகு, "யோசித்துப் பார்த்தால் யானையார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சிமென்ட் கம்பத்தையே நடுங்கள். மரக் கம்பம் எல்லாம் குவியலிலேயே கிடக்கட்டும். தார் கீர் ஒன்றும் வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது.

"பார்த்தீர்களா! கடைசியில் என் வழிக்குத்தான் வந்தாக வேண்டும்!" என்று யானை துதிக்கையைத் தூக்கியது.

"அப்படியே ஆகட்டும்" என்றது நரி. "சிமென்ட் கம்பத்தை நட்டு, தென்னைக்கு முள் கட்டுவதுபோல ஒவ்வொன்றுக்கும் இலந்தை முள்ளைச் சுற்றிக் கட்டிவிடுவோம்."

யானையின் காதுகள் ஆடாமல் நின்றன. "முள் எதற்கு?"

"யாராவது வந்து உரசிச் சாய்த்துவிட்டால்?"

"உரசினால் என்ன? சிமென்ட் தாங்கும்! மரம் என்றால் சாய்ந்துவிடும். சிமென்ட் எவ்வளவு சொரசொரப்பு! முதுகுக்கு எவ்வளவு..." யானை சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"முதுகுக்கா?" என்றது குரங்கு.

"ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. நான் என்ன சொல்கிறேன் என்றால், மரக் கம்பமே நடுங்கள். லேசாக இருக்கும். சிமென்ட் கம்பங்கள் மிஞ்சும் இல்லையா? அதில் ஒன்றைக் குளத்தங்கரையில் நட்டுக்கொள்கிறேன். சும்மா, ஓர் அழகுக்கு."

"அதெப்படி? சிமென்ட்தான்!" என்று கறையான் சீறியது.

"மரம்தான்!" என்று யானை பிளிறியது.

பார்த்தீர்களா குழந்தைகளே! நேற்றுவரை சிமென்டுக்கு வாதாடிய வாய் இன்று மரத்துக்கு வாதாடுகிறது. மரத்துக்கு வாதாடிய வாய் சிமென்டுக்கு வாதாடுகிறது. சத்தம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

அப்போது இடி இடித்தது. சாது முயலுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, ஒரே தாவலில் பாறைமேல் ஏறியது.

"போதும் நிறுத்துங்கள்! ஒருவருக்குத் தின்ன மரம் வேண்டும். ஒருவருக்கு முதுகு சொரியச் சிமென்ட் வேண்டும். என் குட்டிகளின் பெயரை எதற்கு நடுவில் இழுத்தீர்கள்?"

யானை காலடி மண்ணைப் பார்த்தது. கறையான் பாதி உடம்பை இடுக்குக்குள் இழுத்துக்கொண்டது.

"முயலம்மா, கோபத்தில் ஒன்றை மறந்துவிடாதே" என்றது நரி. "தங்கள் கம்பத்தைப் பற்றி அவர்கள் அளந்ததை விட்டுவிடு. அடுத்தவர் கம்பத்தில் கண்டுபிடித்த குறைகள் எல்லாம் நிஜம். அதைத் தேடுவதில் யாரும் சோம்பல்படுவதில்லை."

முயல் யோசித்தது. மரம் ஈரத்தில் உளுக்கும். ஆனால் மலைச் சரிவில் ஈரம் எங்கே தங்குகிறது? சிமென்ட் கனம். ஆனால் பள்ளத்துக்கு அதை உருட்டிவிட்டாலே போதுமே!

"பள்ளத்தில் சிமென்ட், மலையில் மரம்" என்றது முயல். "மரத்துக்குத் தார். சிமென்டுக்கு முள். மிஞ்சுகிற கம்பங்களுக்கும் சேர்த்துத்தான். நாளைக்கு ஒன்று விழுந்தால் மாற்றுக்கு வேண்டும்."

வேலை மளமளவென்று நடந்தது. மரக் கம்பங்களைக் காட்டுப்பன்றிகள் கொடியைக் கட்டி மேலே இழுத்துப்போயின. சிமென்ட் கம்பங்களை நடச் சொன்னபோது யானை முகத்தைத் திருப்பிக்கொண்டது. "இதைத் தூக்க வேறு யாரால் முடியும்?" என்று நரி காதோரம் ஒரு வார்த்தை போட்டதும், முகத்தை இந்தப் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் நட்டுக் கொடுத்தது.

கம்பி கட்டிச் சில நாட்களுக்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் முயலின் குழிக்குள் டெலிபோன் கிணுகிணுத்தது.

"ஹலோ! ஆறு பொங்குது! ஓடு!" என்றது குரங்கு.

முயல் ஓடியது. குட்டிகள் முன்னால், அது பின்னால். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோதுதான் வெள்ளம் பள்ளத்துக்குள் நுழைந்தது. சுழித்து ஓடிய தண்ணீரில் சிமென்ட் கம்பங்கள் அசையாமல் நின்றன. மலைக்காற்றில் மரக் கம்பங்கள் ஆடின, ஆனால் ஒன்றும் விழவில்லை. முயல் குட்டிகளைத் தடவித் தடவிப் பார்த்தது. ஒரு குட்டியின் காதுகூடக் குளிரவில்லை. சந்தோஷத்தில் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

மழை விட்டு, வெள்ளம் வடிந்தது. ஒரு நாள் காலையில் யானையும் கறையானும் ஒன்றாகவே முயலைத் தேடி வந்தன. கறையான் யானையின் தந்தத்தில் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது.

"முயலம்மா, சௌக்கியமா?" என்றது கறையான். "உன் நன்மைக்காக ஒரு யோசனை சொல்ல வந்தோம். மழைதான் போய்விட்டதே! அடுத்த மழைவரை இந்தக் கம்பங்கள் எல்லாம் வெயிலில் நின்று வீணாவானேன்? தாரைச் சுரண்டிவிட்டு, முள்ளை அவிழ்த்துவிட்டு எங்களிடம் கொடுத்தால் பத்திரமாக வைத்திருப்போம்."

"ஆமாம், ரொம்பப் பத்திரமாக!" என்றது யானை.

முயல் இந்தத் தடவை தலையாட்டவில்லை.

"முதலில் ஒன்று சொல்லுங்கள்" என்றது. "கொடுத்தால் எனக்கு என்ன கிடைக்கும்? உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

யானை கறையானைப் பார்த்தது. கறையான் யானையைப் பார்த்தது. இரண்டும் வந்த வழியே திரும்பிப் போயின.

நீதி: யோசனை சொல்பவரின் பேச்சை மட்டும் கேட்டால் போதாது, அந்த யோசனையால் அவருக்கு என்ன ஆதாயம் என்றும் கேட்க வேண்டும்.