கேபிளுக்குள் ஓர் இரும்புக் கம்பி

"அம்மா, எனக்குள்ள எதுவும் இறங்காதபடி பண்ணிடுங்க" என்று கேட்டார் தணிகாசலம்.

மலை மடத்தில் கேபிள் வேலை பார்ப்பவர் அவர். போன ஐப்பசியில் ஒரே மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மடத்தின் குருவுக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

"ஆஸ்பத்திரி லைன் என்ன ஆச்சு?" என்றார் அம்மா.

"இடியில மறுபடி போச்சும்மா."

அலுவலகத்திலிருந்து மடத்து ஆஸ்பத்திரிவரை கம்பங்களில் தொங்கும் கேபிள் அது. மழைக்காலம் வந்தால் மின்னல் அதன் வழியே உள்ளே வந்து நெட் பெட்டியைச் சுட்டுவிடும். நெட் போனால் போதும், முற்றும் துறந்தவர்கள்கூட தணிகாசலத்தைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"முதல்ல அதைச் சரி பண்ணுங்க."

தணிகாசலம் செம்புக் கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணாடி இழையாலான ஃபைபர் கேபிளை இழுத்தார். வந்து சொன்னார்:

"இது கண்ணாடிம்மா. மின்சாரம் இதுல பாயாது. இடி விழுந்தாலும் இதுக்குத் தெரியாது. என்னையும் இப்படி ஆக்கிடுங்க."



அடுத்த மழையில் பெட்டி மறுபடி கருகியது. அதை மடியில் வைத்துக்கொண்டு தணிகாசலம் அம்மா முன்னால் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. வெளியே இன்னும் தூறிக்கொண்டிருந்தது.

"கண்ணாடியில எப்படி வந்துச்சு?" என்றார் அம்மா.

"கண்ணாடியில வரல. அது கூடவே ஒரு இரும்புக் கம்பி ஓடுது. அது வழியா வந்திருக்கு."

"அதை எதுக்கு வச்சீங்க? உருவிப் போட்டுடுங்க."

"உருவினா லைன் நிக்காதும்மா. அதுதான் பாரத்தைத் தாங்குது. அது இல்லேன்னா கண்ணாடி அன்னிக்கே அறுந்து விழுந்திடும்."

"அப்ப இடி வரத்தான் செய்யும்."

"வரும்."

"நீங்க என்ன தப்பு பண்ணீங்க?"

தணிகாசலம் கருகிய பெட்டியைத் தடவினார்.

"கம்பியை வெளிக் கம்பத்துலயே நிறுத்தி, மண்ணுக்குள்ள இறக்கி விட்டிருக்கணும். நான் உள்ள கொண்டுவந்து பெட்டியோட சேர்த்துக் கட்டிட்டேன். போக வழியில்லாம உள்ளயே எரிஞ்சிருக்கு."

அம்மா எழுந்தார். தணிகாசலத்தின் மடியிலிருந்த பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய், நனைந்த மண்ணைக் காட்டினார்.

தணிகாசலம் வாசல்படி இறங்கி அந்த மண்ணில் குப்புற விழுந்தார்.

"செண்பகம்" என்று மகளைக் கூப்பிட்டார். மண்ணில் முகம் புதைத்து, குரல் கம்மும்வரை கூப்பிட்டார்.