எந்தக் கோட்டை அழிக்க?

தூத்துக்குடியில் ஒரு பெரிய பாத்திரக்கடை. அங்கே மானேஜராக வந்த மூன்றாம் நாளே சிதம்பரநாதன் சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டார்: 'வேலை நேரத்தில் மத அடையாளம் எவருக்கும் கூடாது. மீறுவோர் நீக்கப்படுவர்.'

மறுநாள் சாம்பல் புதன், கத்தோலிக்கரின் தவக்காலம் தொடங்கும் நாள். குடம் துடைக்கிற செபஸ்தியம்மாள் காலைப் பூசைக்குப் போய், சாமியார் நெற்றியில் இட்ட சாம்பல் சிலுவையோடு அப்படியே வேலைக்கு வந்தாள்.

மானேஜர் ஈரத்துணியை நீட்டினார். "காகிதத்தைப் படிக்கலியா? அதை அழி. இல்லேன்னா வீட்டுக்குப் போ!"

அவள் வீட்டு அடுப்பு எரிவதே இந்த வேலையால்தான். துணியை வாங்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து முதலாளி வரதராஜுலுவும் படியேறி வந்தார்.

"அழிச்சிருதேன் சார். எந்தக் கோட்டைன்னு மட்டும் சொல்லிருங்க" என்றாள் பணிவாக.

"எந்தக் கோடா?"

"சிலுவையில ரெண்டு கோடுதான சார்? படுத்திருக்கிற கோடு உங்க நெத்தியில திருநீறா இருக்கு. நிக்கிற கோடு முதலாளி நெத்தியில நாமமா இருக்கு. இதுல எது கூடாது?"

மானேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. பதற்றத்தில் அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். திருநீற்றுப் பட்டை மொத்தமும் துணியோடு போய்விட்டது.

முதலாளி அந்த வெறும் நெற்றியை உற்றுப் பார்த்தார்.

"பரவாயில்லையே மானேஜர், சட்டம் போட்ட நீராவது சட்டப்படி நடக்கிறீரே! நானும் செபஸ்தியும் இப்படியே இருந்துக்கிடுதோம்."