கலைந்த முத்திரை

குலசேகரனுக்கு நாற்பத்தாறு வயது. பெரிய கம்பெனியில் மென்பொருள் எழுதிக் கைநிறையச் சம்பாதித்தவர். விசாரணைக் கைதிகளுக்காகப் போராடப் போகிறேன் என்று அந்த வேலையை உதறிவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளைய வக்கீல் ரஹ்மத் நிஷாவிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். வந்தபோது இருந்த வேகம் இப்போது இல்லை. செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

அன்று இருவரும் ஜெயிலுக்கு மனு பார்க்கப் போயிருந்தார்கள். கைதியைப் பார்க்கப் போவதற்கு அங்கே அதுதான் பெயர். உள்ளே போகிறவர் கையில் ஒரு முத்திரை குத்துவார்கள். அதைக் காட்டினால்தான் திரும்ப வெளியே விடுவார்கள்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மாடசாமி நின்றான். கரும்பு வெட்டப் போன இடத்தில் மோட்டார் திருடியதாகப் பிடிபட்டவன். தீபாவளிக்கே ஜாமீன் கிடைத்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அவனுக்காகக் கையெழுத்துப் போட அவன் சொந்த ஊர்க்காரர் இரண்டு பேர் வேண்டும் என்றது கோர்ட். ஒருவரும் வரவில்லை. பொங்கலும் போய்விட்டது.

"யாராச்சும் சரின்னாங்களா சார்?"

"பேசிக்கிட்டிருக்கேன்ப்பா" என்றார் குலசேகரன். சொல்லும்போதே கூசியது.

திரும்பி நடக்கையில் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"மேடம், பழைய வேலைக்கே போயிடலாம்னு பார்க்கிறேன்."

"ஏன் சார்?"

"அங்க நான் ஒரு வரி எழுதினா லட்சம் பேருக்கு வேலை நடக்கும். சட்டத்தையே மாத்தணும்னு இங்க வந்தேன். வீடு வீடாப் போய் ஒரு கையெழுத்துக்குக் கெஞ்சிக்கிட்டிருக்கேன். இதெல்லாம் ஒரு வேலையா?"

நிஷா கேட்டுக்கொண்டே நடந்தார். அவருக்கும் அலுப்பாகத்தான் இருந்தது.

வாசலில் நிஷா கையைக் காட்டிவிட்டு வெளியே போனார். குலசேகரனின் முத்திரை வியர்வையில் கலைந்து வெறும் நீலக் கறையாகிவிட்டிருந்தது.

"ஓரமா நில்லுங்க" என்றார் காவலர்.

"நான் வக்கீலம்மாகூட வந்தவன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

அடையாள அட்டையை நீட்டினார். காவலர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அட்டை யார் வேணா வச்சிருக்கலாம். உங்களைத் தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும்."

கதவுக்கு வெளியே நிஷா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குலசேகரன் கூப்பிட்டார். நிஷா நிமிர்ந்து பார்த்தார், எழுந்து வரவில்லை. குலசேகரனுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அவமானமாக இருந்தது. போகப் போகப் பயமே வந்துவிட்டது. ஒரு தப்பும் செய்யாத மனுஷன், கதவுக்கு உள்ளேயே நின்றார்.

வெயில் தாழ்ந்த பிறகு நிஷா எழுந்து வந்தார்.

"என்கூட வந்தவர்தான்."

காவலர் கதவைத் திறந்துவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் குலசேகரனின் குரல் நடுங்கியது.

"ஒரு வார்த்தைதானே மேடம். ஒருத்தன் உள்ளே நிக்கிறான்னு தெரியுதில்ல? வந்து சொல்ல இவ்வளவு நேரமா?"

"இதே குரல்ல மாடசாமி ஊர்ல போய்க் கேளுங்க சார்" என்றார் நிஷா.